பெரியண்ணனின் வயதும் தம்பியின் பரிசோதனையும்

பெரியண்ணனின் பள்ளி மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதி ஜூன் ஒன்று. திருவாதவூரில் அவரோடு பள்ளியில் சேர்ந்த பலருக்கும் அதே தேதிதான். வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது நிறைந்ததாக எழுதிக்கொள்வார்கள். பெரியண்ணனுக்குக் கை நீளம்.

தேதிகளைச் சரிபார்ப்பது என் பழக்கம் என்பதால் இது எனக்கு முன்பே தெரியும். வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். இந்த மாசியில் அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று உறுதியானது. சான்றிதழ்ப்படி வயது நாற்பத்தெட்டு. மருத்துவர் என்னையும் தம்பியையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் நாற்பது வயதில், அல்லது நோயாளிக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்பே, எது முந்தியோ அப்போது, குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனாஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும். தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும்.

நான் நாற்பதைத் தாண்டியவள். அடுத்த வாரமே செய்துகொண்டேன்; ஒன்றும் இல்லை. தம்பிக்கு முப்பத்தேழு. செல்லூரில் விசைத்தறி ஓட்டுகிறான்.

“நாப்பத்தெட்டுல பத்து போனா முப்பத்தெட்டு. எனக்கு இன்னும் ஒரு வருசம் கெடக்குக்கா.”

“அண்ணனுக்கு நெச வயசு நாப்பத்தாறுதான்டா. அப்படிப் பாத்தா உனக்கு நாள் தாண்டிப் போச்சு.”

“தன் வயசக் குறைக்கிற பொம்பளைகளப் பாத்திருக்கேன். அண்ணன் வயசக் குறைக்கிற ஆள இப்பத்தான் பாக்குறேன்” என்று சிரித்தான்.

ஆதாரம் காட்டினால் ஒத்துக்கொள்வான் என்று நினைத்தேன். அத்தையைக் கேட்டேன். தன் கல்யாணத்துக்கு முந்தின வருசம் அண்ணன் பிறந்தான் என்றார். மறுநாள், இல்லை, அதே வருசம் என்றார். இப்படியே பங்குனி பாதி போனது.

ஒருநாள் தம்பியின் மனைவி போன் செய்தாள்.

“மதினி, நீங்க வயசையே பாத்துக்கிட்டு இருங்க. இவருக்குத் தீவாளிக்கு முன்னாடியிருந்தே வெளிக்கிப் போறப்ப ரத்தம் வருது. கேட்டா சூடு, மூலம்னு மோரக் குடிச்சுக்கிட்டுத் திரியிறாரு.”

அன்று மாலையே அவனை மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். என் கணக்கை விளக்க ஆரம்பித்தேன். அவர் நிறுத்தினார்.

“ரத்தம் போகுதா? அப்ப எந்த வயசுக் கணக்கும் வேணாம்மா. மூலமாவும் இருக்கலாம். உள்ள பாக்காம யாரும் சொல்ல முடியாது.”

பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே கீரை, கொய்யா, விதையுள்ள எல்லாவற்றையும் நிறுத்தினான். முந்தின நாள் இளநீரும் பால் இல்லாத டீயும் மட்டும். ரத்தம் போலத் தெரியும் என்பதால் சிவப்பு நிறப் பானம் எதுவும் கூடாது. பேதி மருந்தில் பாதி மாலையில், மீதி விடியற்காலையில். அந்த இரண்டாம் பாதியில்தான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

“இதுக்கு மேல ஒரு மடக்குகூட எறங்காதுக்கா. வயித்துல என்ன இருக்கு, காத்துதான்.”

“இன்னும் கலங்கலாத்தானே போகுது? தெளிவா, வெளிறின மஞ்சளாப் போகணும். கசடு கெடந்தா அதுக்குப் பின்னால இருக்கிறது தெரியாமப் போயிரும். குடிடா.”

மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான். “ரெண்டு பேரும் நல்லாயிருங்க” என்று என்னையும் தன் மனைவியையும் சபிப்பதுபோல் சொல்லிவிட்டு ஓடினான்.

மயக்க மருந்து தருவதால் அன்று வண்டி ஓட்டக் கூடாது. அவன் பைக் சாவியை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். மருத்துவமனையில் பரிசோதனை அறையின் கதவு அவனுக்குப் பின்னால் மூடியது. கொண்டுபோயிருந்த புத்தகத்தில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எடுத்ததைவிட நேரமாகிறது என்று தோன்றியது.

மருத்துவர் வந்தார். “காளான் மாதிரி ஒரு வளர்ச்சி. முழுசா எடுத்தாச்சு. ரத்தம் அதுலருந்து வந்திருக்கலாம். சோதனைக்கு அனுப்பியிருக்கோம்.”

“புத்துநோயா டாக்டர்?”

“பாத்தத மட்டும் வச்சுச் சொல்ல மாட்டேன்மா.”

உள்ளே தம்பி கண் திறந்தான். “எப்பக்கா ஆரம்பிப்பாங்க?”

“முடிஞ்சிருச்சுடா.”

“இம்புட்டுத்தானா?” என்றவன், என் முகத்தைப் பார்த்தான். “என்ன இருந்துச்சு?”

மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

இன்று சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை. சோதனை முடிவு வரவில்லை. காலையிலிருந்து தம்பி இரண்டு முறை போன் செய்துவிட்டான். அந்த வளர்ச்சி சாதாரணமானதா, புற்றாக மாறத் தொடங்கியிருந்ததா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படவில்லை.