டிலோஜினியின் நீலப் பம்ப்

பள்ளிமுனை டிலோஜினி நண்டுச் சதை எடுக்கிற வேலைக்குப் போகிறவள். கையில் எந்நேரமும் இரண்டு கீறலாவது இருக்கும். வாய் அதைவிடக் கூர்மை. ஆனால் அவளும் ஒரு காலம் ஊர்வாய்க்குப் பயந்து கிடந்தவள்தான்.

மகள் செரினுக்கு எட்டு வயது. முட்டு வருத்தம், அதுதான் ஆஸ்துமா. கிளினிக்கில் தினமும் காலையும் மாலையும் இழுக்க மண்ணிறப் பம்ப் ஒன்று, முட்டு வந்தால் இழுக்க நீலப் பம்ப் ஒன்று, மாட்டி இழுக்க ஒரு பிளாஸ்ரிக் குழாய், எல்லாம் கொடுத்திருந்தார்கள். இருமல் நின்றாலும் மண்ணிறத்தை நிறுத்தக்கூடாது என்று டொக்டர் படித்துப் படித்துச் சொன்னார். கேட்டாளா? "உது பழகினா விடாது பிள்ளை" என்று பக்கத்து வீட்டுத் திரேசம்மா சொன்னதைக் கேட்டு நிறுத்தினாள். பிள்ளை மூன்று கிழமை இருமியது. பிறகும் ஒருதரம் ஊர்ப்பேச்சைக் கேட்டு நிறுத்தி அதே கூத்து. அன்றைக்கு வந்ததே அவளுக்குத் தன்மேலேயே கோபம்! அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருந்த பம்புகளை எடுத்து, வருகிற போகிற எல்லோருக்கும் தெரிய மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கோயில் திருநாள் வந்தது. மாதா பவனியில் பூப்போட வேண்டுமென்று செரின் வருடம் முழுக்கக் காத்திருந்தவள். பூப்போடும் பிள்ளைகளுக்குப் பொறுப்பு திரேசம்மா. அவள் செரினின் பெயரை வெட்டிவிட்டாள்.

"லொக்குலொக்கெண்டு இருமினா சனம் கசநோயெண்டெல்லோ சொல்லும்?"

"சொல்லுற சனத்தை என்னட்ட அனுப்புங்கோ அக்கா."

"பொம்பிளைப் பிள்ளை. பம்போட திரிஞ்சா நாளைக்கு ஆர் கட்டுவான்?"

"எட்டு வயசில மாப்பிள்ளை ஆருக்கு வேணும்? முதல்ல அவள் மூச்சு விடட்டும்!"

பெயர் வெட்டினால் என்னவென்று, பவனியில் தூபப் புகை எட்டாத முன்வரிசையில் மகளை நிறுத்தி, நீலப் பம்பும் குழாயும் கையுமாகத் தானும் கூடவே நடந்தாள். கடற்கரை றோட்டுத் திருப்பத்தில் யாரோ வெடி கொளுத்தினார்கள். புகை பட்டதும் செரினுக்கு இருமல் தொடங்கியது. நெஞ்சு இழுத்தது.

"ஓரமாக் கூட்டிக்கொண்டு போ, சனம் பாக்குது!" திரேசம்மா பதறினாள்.

"பாக்கட்டும்."

டிலோஜினி மகளைப் புகையைத் தாண்டி நான்கு அடி முன்னால் கொண்டுபோய், நடுறோட்டில் முழங்காலிட்டாள். பம்பைக் குலுக்கிக் குழாயில் மாட்டினாள். "மெதுவா இழு ராசாத்தி. ஒண்டு... ரெண்டு..." குறையாவிட்டால் நேரே ஆசுப்பத்திரிதான் என்று முடிவெடுத்திருந்தாள். பின்னால் பாட்டு நின்றது. மாதா சொரூபம் சுமந்தவர்களும் நின்றார்கள்.

"மாதாவை நடுறோட்டில நிப்பாட்டிப் போட்டியேடி!"

டிலோஜினி தலை நிமிரவில்லை. "மாதாவும் பிள்ளை வளத்தவதானே அக்கா. நிப்பா."

இன்னொரு தரம் பம்பை அமத்தினாள். கொஞ்சம் கொஞ்சமாக இருமல் அடங்கி, பிள்ளையின் முகம் தெளிந்தது. செரின் திரேசம்மாவிடம் பூத்தட்டை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அதற்குப் பிறகுதான் மாதா புறப்பட்டார்.