தானாக விரிந்த படகு

லாக்லன் ஃப்ளெட் மீனவக் குடும்பத்தில் பிறந்தவன்தான். ஆனால் மீன்பிடிப் படகில் கால் வைத்தால் போதும், குடலே வெளியே வந்துவிடும் அவனுக்கு. அதனால்தான் விமானப்படையில் சேர்ந்தான். "தண்ணியில வாந்தி எடுக்க வெக்கப்பட்டு வானத்துக்கு ஏறிட்டான் பய" என்று ஸ்கோர்னெஸ் துறைமுகமே சிரித்தது. அவன் மனைவி இஷ்பெல்லும் சேர்ந்து சிரித்தாள்.

இஷ்பெல் துறைமுகத் தெரு ரொட்டிக்கடையில் அடுப்பு வேலை பார்த்தாள். கொழுப்பும் உப்பும் தூக்கலாகப் போட்டுச் சுடும் தட்டை ரொட்டிதான் அந்தக் கடையின் பெயர் சொல்லும் பண்டம். ஸ்காட்லாந்தின் அந்த வடகிழக்குக் கரையில் கடலுக்குப் போகிறவர்கள் பன்றி என்ற சொல்லை அபசகுனம் என்று படகில் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதன் கொழுப்பில் சுட்ட ரொட்டி இல்லாமல் கயிறு அவிழ்க்கவும் மாட்டார்கள். லாக்லனும் அப்படித்தான். அதிகாலையில் விமானத் தளத்துக்குப் புறப்படும்போது கடை வாசலில் நின்று ஒரு ரொட்டியைச் சூட்டோடு வாங்கி, ஒரே கடியில் பாதியைத் தின்றுவிட்டு, மீதியை அவள் கையிலேயே திணித்துவிட்டுப் போவான். அவள் அதைத் தின்றபடி வேலைக்குத் திரும்புவாள்.

கடலுக்கு மேலே பறந்து காவல் பார்க்கும் பெரிய விமானத்தில் அவன் வானொலிக்காரன். ஒரு பிப்ரவரி மாதம் அந்த விமானம் திரும்பி வரவில்லை.

செய்தி சொல்ல விங் கமாண்டர் ட்ரெமெய்ன் நேரில் வந்தார். தளத்தில் விமானங்களையும் அவற்றின் சாமான்களையும் பறப்பதற்குத் தயாராக வைத்திருக்கும் பொறுப்பு அவருடையது. உயரமான, மெலிந்த மனிதர். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாவு மூட்டைகளுக்கு நடுவே நின்றார்.

"நொடியில முடிஞ்சிருக்கும், மிசஸ் ஃப்ளெட். கடல்ல மோதின வேகத்துல அவங்களுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

இஷ்பெல் அந்தச் சொல்லைக் கம்பளிப் போர்வைபோல இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஒன்றுமே தெரிந்திருக்காது. சில உடல்கள் கிடைத்தன. லாக்லனுடையது கிடைக்கவில்லை. விமானப்படை தன் விசாரணையைத் தானே நடத்தி, தானே முடித்தது. மோதியதுமே எல்லோரும் இறந்தார்கள். ஆகவே உயிர்காக்கும் சாமான்கள் வேலை செய்தனவா இல்லையா என்ற கேள்வியே எழவில்லை என்றார்கள். இஷ்பெல்லும் அந்தக் கேள்வியை எழுப்பவில்லை. போர்வையை விலக்க யாருக்கு மனம் வரும்?

இலையுதிர் காலத்தில், இஷ்பெல்லின் அக்கா யூனாவின் கணவன் வாட்டி, கடல்மூட்டத்துக்குள் வலை இழுத்துக்கொண்டிருந்தான். படகின் முன்பக்கம் நிற்பவன் பின்பக்கம் நிற்பவனுக்குத் தெரியாத மூட்டம். வலை கனத்து வந்தது. பாறைமீன்களுக்கு நடுவே கன்றுக்குட்டி அளவில் ஒரு மஞ்சள் மூட்டை உருண்டது. பாசி படிந்த ரப்பர். வாயில் விமானப்படையின் முத்திரை.

படகிலிருந்த ஒவ்வொருவரும், கெட்டது அண்டாமல் இருக்க, அருகிலிருந்த இரும்பைத் தொட்டார்கள்.

"திருப்பிப் போட்டுடு வாட்டி," என்றான் ஒருவன். "செத்தவன் சாமான கரைக்குக் கொண்டுபோனா, அவனும் பின்னாலயே வருவான்."

"வரட்டுமேடா. என் சகலைதான? வந்தா ஒரு கிளாஸ் விஸ்கி ஊத்திக் குடுக்கறேன்," என்றான் வாட்டி. ஆனால் அவனும் இரும்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

மூட்டையை வலைக் கொட்டகையில் போட்டுப் பூட்டிவிட்டுத் தளத்துக்குச் சொல்லி அனுப்பினான். லாரி வரும் என்று பதில் வந்தது. லாரி வரவில்லை. மூட்டைக்கடியில் இருந்த ஈரம் மட்டும் காயவே இல்லை. எத்தனை முறை துடைத்தாலும் அடுத்த நாள் கல்தரை நனைந்திருந்தது. எதிர்வீட்டு நாய் கொட்டகை வாசலைக் கடக்கும்போது மட்டும் சுவரோரமாக ஒதுங்கி ஓடியது. பக்கத்துக் கொட்டகையில் வலை தைத்த பெண்கள் இடம் மாறிப் போய்விட்டார்கள். காரணம் கேட்டதற்கு, "உள்ள யாரோ மூச்சு விடற மாதிரி இருக்கு" என்றார்கள்.

"நீ அங்க போகாத," என்றாள் யூனா. "பாத்து என்ன ஆகப்போகுது?"

இஷ்பெல் போனாள். நடுப்பகல்தான், ஆனாலும் மூட்டம் கொட்டகைக்குள்ளேயும் புகுந்து உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வாட்டி கதவருகே நின்றுகொண்டான்.

"இது மடிச்சு வச்ச படகு. இந்தக் கயித்த இழுத்தா உள்ள இருக்கற காத்து உருளை தொறந்து, படகு தானா விரியணும்," என்றான். "விரியல."

கயிறு முழு நீளத்துக்கும் வெளியே வந்திருந்தது.

"யாரோ இழுத்திருக்காங்க வாட்டி."

"கடல் இழுத்திருக்கும்." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

இஷ்பெல் கயிற்றின் நுனியைத் தூக்கிப் பார்த்தாள். அது ஒரு கை நுழையும் அளவுக்கு வளையமாக இரட்டை முடிச்சுப் போடப்பட்டிருந்தது. கடல் முடிச்சுப் போடாது என்று இருவருக்குமே தெரியும்.

கயிறு போய்ச் சேரும் இடத்தில் பாசியைத் துடைத்தபோது உருளையின் கழுத்து தெரிந்தது. அதில் துருப்பிடித்த ஊசி ஒன்று குறுக்கே செருகியிருந்தது. உருளையை லாரியில் ஏற்றி இறக்கும்போது தற்செயலாகத் திறந்துகொள்ளாமல் இருக்கச் செருகும் ஊசி அது. அதன் வளையத்தில் சிவப்பு ரப்பர் பட்டை ஒன்று தொங்கியது. பறப்பதற்கு முன் உருவவும் என்று வெள்ளை எழுத்தில் அச்சாகியிருந்தது.

யாரும் உருவியிருக்கவில்லை.

பட்டையின் ஓரம் நசுங்கியிருந்தது. இஷ்பெல் அதை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பல் தடம். கை விறைத்துப்போனவன் ஊசியைப் பல்லால் கடித்து இழுத்திருக்கிறான். ஒரு முறை அல்ல, பல முறை. ஒவ்வொரு தடத்திலும் நடுவில் ஒரு பல் அளவுக்கு இடைவெளி. லாக்லனுக்கு முன்பல் ஒன்று கிடையாது. சின்ன வயதில் படகுத்துறையில் விழுந்து உடைத்துக்கொண்டான். பாதி தின்ற ரொட்டியின் ஓரத்தில் தினம் தினம் அவள் பார்த்த தடம் அது.

ஒன்றுமே தெரிந்திருக்காது.

அவள் பட்டையை விரல்களுக்குள் இறுக்கிப் பிடித்தாள். அப்போதுதான் அந்த மூச்சைக் கேட்டாள். மெல்லிய, நீளமான பெருமூச்சு. உருளையின் கழுத்திலிருந்து வந்தது. அவள் பிடித்திருந்ததாலோ, உப்பு தின்று தீர்த்ததாலோ, துருவேறிய ஊசி சத்தமே இல்லாமல் இரண்டாக முறிந்தது.

சீறல் கொட்டகையை நிறைத்தது. மூட்டை குப்புறப் படுத்திருந்த ஆள் எழுந்திருப்பதுபோல ஒரு பக்கமாக முண்டியது, தோளை உயர்த்தியது, புரண்டது. வாட்டி கதவின் இரும்புக் கீலைப் பிடித்துக்கொண்டு, "வெளிய வா! இஷ்பெல், வெளிய வாடி!" என்று கத்தினான். அவள் நகரவில்லை. படகு அவள் முழங்காலை இடித்து, சுவரோடு ஒதுக்கி, கொட்டகையின் இரு பக்கங்களையும் தொட்டது. கடைசியாக அதன் மேல்கூடாரம் மெதுவாக நிமிர்ந்து நின்றது. கூடாரத்தின் வாசல் அவளைப் பார்த்துத் திறந்திருந்தது. உள்ளே ஒரே இருட்டு.

சீறல் ஓய்ந்தது. இஷ்பெல் மண்டியிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். ரப்பர் வாடையும் பழைய கடல்நீர் வாடையும் அடித்தன. யாரும் இல்லை. யார் இருப்பார்கள்? ஆனால் தரையில், வாசலுக்கு எதிரே, ஆள் உட்கார்ந்து எழுந்துபோனதுபோல ஒரு குழிவு இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மெல்ல நிமிர்ந்து சமமாயிற்று.

அவள் அதை யாரிடமும் நெடுங்காலம் சொல்லவில்லை.

படகு விரிந்த செய்தி தளத்துக்குப் போனதும் லாரி மறுநாளே வந்துவிட்டது. கூடவே ட்ரெமெய்னும் வந்தார். கொட்டகையைத் திறந்தால் இஷ்பெல் படகுக்குள் உட்கார்ந்திருந்தாள். மடியில் பின்னல் ஊசியும் நூல்கண்டும்.

"மிசஸ் ஃப்ளெட், இது அரசாங்கச் சொத்து. தயவுசெஞ்சு எறங்குங்க."

"இத்தன நாளா வராத லாரி, இன்னிக்கு வந்திருக்கே?"

"தொழில்நுட்பப் பரிசோதனைக்கு எடுத்துட்டுப் போறோம். முடிவு வந்ததும் உங்களுக்குத் தெரிவிப்போம்."

"போன தடவ தெரிவிச்ச மாதிரியா?"

அவள் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டே தூக்கிக் காட்டினாள். அவர் குனிந்து எழுத்தைப் படித்தார். பிறகு ஓரத்தைப் பார்த்தார். "அத எங்கிட்ட குடுங்க" என்றார்.

"ஷெரிஃபுக்குச் சொல்லி விட்டிருக்கேன், வரட்டும். அவர் கையில குடுக்கறேன்." அந்தப் பக்கத்தில் நீதிபதியைத்தான் ஷெரிஃப் என்பார்கள்.

"பலவந்தமா எறக்க வேண்டி வரும்."

அதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. யூனா. அவளுக்குப் பின்னால் வலை தைக்கும் பெண்கள், மூச்சுச் சத்தத்துக்குப் பயந்து இடம் மாறிப் போனவர்கள். யூனா காலணியைக் கழற்றி வைத்துவிட்டுப் படகுக்குள் ஏறினாள். ஏறும்போது கதவின் கீலை ஒரு தடவை தொட்டுக்கொண்டாள். மற்றவர்களும் தொட்டுக்கொண்டு ஏறினார்கள்.

"நல்லாத்தான் தாங்குது," என்றாள் யூனா, ரப்பர் சுவரில் முதுகைச் சாய்த்து. "விரிஞ்சிருந்தா எல்லாரையும் தாங்கியிருக்கும் போல. உங்க ஆளுங்கள வந்து தூக்கச் சொல்லுங்க சார். என்னையத் தூக்கறவன் இடுப்பு பத்திரம்."

லாரியோடு வந்த சிப்பாய்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருவனும் அசையவில்லை. அவர்களும் அதே விமானங்களில் பறக்கிறவர்கள்தான். சாயங்காலம் நகரத்திலிருந்து ஷெரிஃபின் அலுவலர் வந்து கொட்டகைக்கு அரக்கு முத்திரை வைக்கும்வரை பெண்கள் எழுந்திருக்கவில்லை.

புது விசாரணை வசந்த காலத்தில், பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. மற்ற விமானங்களின் படகுகளையும் பிரித்துப் பார்த்திருந்தார்கள். இன்னும் சிலவற்றில் ஊசி அப்படியே இருந்தது. விமானப்படையின் வழக்கறிஞர் பொறுப்பைக் கார்ப்பரல் என்ற கீழ்நிலைச் சிப்பாய் ஒருவன் தலையில் கட்டினார். ஊசியை உருவ வேண்டியவன் அவன், வேலையை விட்டு நியூசிலாந்துக்குப் போய்விட்டான், வருந்தத்தக்கது. அத்தோடு முடிந்ததுபோல உட்கார்ந்தார்.

ட்ரெமெய்ன் சாட்சிக் கூண்டில் இருந்தபோது, உறவினர்கள் ஏதாவது கேட்க விரும்புகிறார்களா என்றார் ஷெரிஃப். இஷ்பெல் எழுந்தாள்.

"நொடியில முடிஞ்சிருக்கும்னு எங்கிட்ட சொன்னீங்க. தெரிஞ்சு சொன்னீங்களா, தெரியாம சொன்னீங்களா?"

"அது... எல்லாக் குடும்பத்துக்கும் அப்படித்தான் சொல்வோம், மிசஸ் ஃப்ளெட்."

இஷ்பெல் கூண்டை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"சரி. ஒருத்தன் மறந்துட்டான். மனுசன் மறப்பான். நானும் ரொட்டிய அடுப்புல மறந்திருக்கேன். அவன் மறந்தத இன்னொருத்தர் பாக்கணும்னு எங்கயும் இல்லையா?"

"இருந்தது. ரெண்டாவது ஆள் ஒவ்வொரு படகையும் பிரிச்சுப் பாக்கணும்னு இருந்தது."

"இருந்ததுன்னா? இப்ப?"

"நிறுத்திட்டோம். ஆள் பற்றாக்குறை."

"யார் நிறுத்தினது?"

வழக்கறிஞர் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஷெரிஃப் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். ட்ரெமெய்ன் கூண்டின் மரவிளிம்பைப் பிடித்திருந்தார். விளிம்பிலிருந்து கையை எடுத்து, நிமிர்ந்து நின்றார்.

"மேலிடத்துல ஆளக் குறைக்கச் சொன்னாங்க. எதக் குறைக்கணும்னு முடிவு பண்ணது நான்."

தீர்ப்பில் கார்ப்பரலின் பெயருக்கு மேலே ட்ரெமெய்னின் பெயரும், அவருக்கும் மேலே ஆளைக் குறைக்கச் சொன்ன இருவரின் பெயர்களும் வந்தன. யாரும் சிறைக்குப் போகவில்லை. ட்ரெமெய்ன் பதவியைத் துறந்தார். மேலே இருந்த இருவரும் துறக்கவில்லை. ஒருவருக்குப் பிற்பாடு பதக்கம்கூடக் கிடைத்தது. இரண்டாவது ஆள் பார்க்கும் வழக்கம் எல்லாத் தளங்களிலும் திரும்ப வந்தது. லாக்லன் கடைசியில் எவ்வளவு நேரம் தண்ணீரில் உயிரோடு கிடந்திருப்பான் என்று விசாரணையில் இஷ்பெல் கேட்டபோது மட்டும், சாட்சி சொல்ல வந்த மருத்துவர் ஷெரிஃபைப் பார்த்தார். ஷெரிஃப் மெதுவாக, "வேணாம்மா" என்றார். அவள் வற்புறுத்தவில்லை.

அவள் மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஊரை விட்டுப் போகவும் இல்லை. மூட்டம் இறங்கும் நாட்களில் கடையில் யாராவது நீளமாகப் பெருமூச்சு விட்டால் கை வேலையை நிறுத்திவிட்டு நிமிர்வாள்; அவ்வளவுதான். குழிவைப் பற்றி ஒரே ஒரு முறை, யூனாவிடம் சொன்னாள். யூனா சிரிக்கவில்லை. "உக்காந்துட்டுப் போயிருப்பான்டி," என்றாள். "அவ்வளவு தூரம் நீந்தினவன் உக்கார வேணாமா?"

ஷெரிஃபின் உத்தரவுப்படி, ஆண்டுக்கு ஒரு முறை தளத்தில் குடும்பத்தார் முன்னிலையில் ஒரு படகை எடுத்து விரித்துக் காட்ட வேண்டும். முதல் ஆண்டு மற்ற குடும்பங்களும் வந்தன. நாளாக ஆக இஷ்பெல் மட்டுமே வந்தாள். பெரிய கூடத்தின் நடுவில் மஞ்சள் மூட்டையை வைத்து, கயிற்றை மரியாதையோடு அவள் கையில் கொடுப்பார்கள். அவள் இழுப்பாள். சீறலோடு அது எழுந்து நிற்கும். புதிதாக வந்த அதிகாரி ஒருவர் ஒரு வருடம் கை தட்டினார்.

"பாத்தீங்களா, மிசஸ் ஃப்ளெட்? கச்சிதமா விரிஞ்சிருச்சு. தேநீர் தயாரா இருக்கு, வாங்க."

இஷ்பெல் சுவரோரம் வரிசையாக அடுக்கியிருந்த மற்ற மூட்டைகளைப் பார்த்தாள்.

"தேநீர் ஆறட்டும்," என்றாள். "அடுத்தத எடுங்க."