அவர் சொன்ன ஸ்கோர்

டென்னிஸில் நடுவர் இல்லாமல் ஆடும்போது ஒரு வழக்கம் உண்டு. சர்வீஸ் போடுகிறவர், பந்தை மேலே எறிவதற்கு முன், அதுவரையிலான ஸ்கோரை உரக்கச் சொல்ல வேண்டும். தன்னுடையதை முதலில், எதிராளியுடையதை அடுத்து. எதிரே நிற்பவர் மறுக்கவில்லை என்றால் அதுதான் கணக்கு. நெய்வேலியில் ஏழு வருடம் நானும் என் நண்பரும் அப்படித்தான் ஆடினோம்.

அவர் சுரங்கத்தில் சர்வேயர். கோயம்புத்தூர்ப் பக்கம். நான் திருநெல்வேலிக்காரன்; கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் இன்ஜினியர். எழுபதுகளின் நடுவில் ஒரே பிளாக்கில், அடுத்தடுத்த தெருவில், எங்களுக்கு குவார்ட்டர்ஸ் கிடைத்தது. ஒரே கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் கடைசிவரை ஒருவரையொருவர் "சார்" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம்.

கிளப்பில் நான் கேரம் ஆடிக்கொண்டிருந்தவன். ஜோடி கிடைக்காத ஒரு சாயங்காலம் அவர்தான் என் கையில் ஒரு பழைய மட்டையைத் திணித்து, கோர்ட்டுக்கு இழுத்துப்போனார். சிவப்பு மண் தரை, சுண்ணாம்புக் கோடு. பந்தை வலைக்கு மேலே அனுப்புவதைவிட ஸ்கோரைப் புரிந்துகொள்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"முதல் பாயிண்ட் எடுத்தா ஃபிஃப்டீன், ரெண்டாவதுக்கு தர்ட்டி, மூணாவதுக்கு ஃபார்ட்டி. ஒண்ணும் எடுக்கலைன்னா லவ்வுங்க" என்றார்.

"பதினஞ்சு பதினஞ்சா ஏறினா நாற்பத்தஞ்சுல்லா வரணும்? ஏன் நாற்பது?"

"நானும் கேட்டுப் பாத்துட்டேனுங்க சார். கடிகார முள்ளுங்கறாங்க, வேற என்னென்னமோ சொல்றாங்க. சரியா யாருக்கும் தெரியல. உங்களுக்கும் எனக்கும் கணக்கு ஒண்ணா இருந்தாப் போதுமுங்க."

நான்காவது பாயிண்ட் எடுத்தவருக்கு கேம். இருவரும் நாற்பதில் வந்து நின்றால் அது டியூஸ். அங்கிருந்து தொடர்ந்து இரண்டு பாயிண்ட் எடுத்தால்தான் கேம். ஒன்று எடுத்துவிட்டு அடுத்ததைக் கோட்டைவிட்டால் மறுபடியும் டியூஸ். ஆறு கேம் எடுத்தவருக்கு செட், அதிலும் இரண்டு கேமாவது கூடுதலாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கேமிலும் முதல் சர்வீஸை வலப்பக்கம் நின்று போட வேண்டும், அடுத்ததை இடப்பக்கம், பிறகு மறுபடி வலம். இதெல்லாம் எனக்குப் பழக ஒரு மாதம் ஆயிற்று.

அவருக்கு எண்கள் என்றால் அப்படி ஒரு சுத்தம். படிப்படியாக வெட்டி இறங்கும் திறந்தவெளிச் சுரங்கத்தின் ஒவ்வொரு படியிலும் மண் எவ்வளவு வெட்டப்பட்டது, மட்டம் எவ்வளவு இறங்கியது என்று அளந்து எழுதுவது அவர் வேலை. அவர் எழுதிய எண்ணை யாரும் திருப்பிச் சரிபார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கோர்ட்டிலும் அதே சுத்தம். அவர் ஸ்கோர் சொல்வது கேரம் மேஜைவரை கேட்கும். கோட்டில் விழுந்ததா வெளியே விழுந்ததா என்று சந்தேகமான பந்தையெல்லாம் எனக்கே கொடுத்துவிடுவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு கோடையில், அவர் சொன்ன ஸ்கோர் முதல்முறையாகத் தப்பியது. எனக்கு முப்பது, அவருக்குப் பதினைந்து. அவர் "தர்ட்டி–ஃபிஃப்டீன்" என்றார். நான் சிரித்துக்கொண்டே திருத்தினேன். அவரும் சிரித்தார். "வெயிலுங்க சார்" என்றார். ஆனால் அந்த வாரத்திலேயே மறுபடியும் நடந்தது. அடுத்த வாரம் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் அவருக்குச் சாதகமாகவே இருப்பதாக எனக்குப் பட்டது. எனக்குச் சாதகமாகவும் அவர் தப்பாகச் சொன்னதுண்டு. முப்பது–லவ் என்று முன்னால் இருந்துகொண்டு "ஃபிஃப்டீன்–ஆல்" என்றார் ஒருமுறை, இருவருக்கும் பதினைந்து என்று. நான் வாயைத் திறக்கவில்லை. மட்டையைச் சுழற்றிக்கொண்டு அடுத்த சர்வீஸுக்குத் தயாராக நின்றேன். அதை நான் அப்போதே மறந்துபோனேன். அவர் எனக்கெதிராகச் சொன்னவை மட்டும் ஒன்றுவிடாமல் நினைவில் இருந்தன.

கிளப்பில் வருடாந்தரப் போட்டி வந்தது. குலுக்கலில் முதல் சுற்றே எனக்கும் அவருக்கும் விழுந்தது. முதல் சுற்றுக்கு ஒரே ஒரு செட்தான், நடுவர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை. பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஐந்து கேம், அவர் நாலு. சர்வீஸ் அவருடையது. அதில் நான் நாற்பது, அவர் முப்பது. இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் ஆட்டம் எனக்கு.

அவர் பந்தைத் தரையில் இரண்டு முறை தட்டிவிட்டு, "ஃபார்ட்டி–தர்ட்டி" என்றார்.

"தர்ட்டி–ஃபார்ட்டி சார்" என்றேன்.

"இல்லீங்களே. நான்தானுங்க ஃபார்ட்டி."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தானுங்க சொல்றேன்."

பெஞ்சிலிருந்து யாரோ சிரித்தார்கள். எனக்குள் இரண்டு மாதமாகச் சேர்த்துவைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. "மைன்ஸ்ல அளக்கிறதும் இப்படித்தானா சார்? உங்களுக்கு வேணுங்கிற மாதிரி மாத்தி எழுதிக்குவீங்களா?" என்று கத்தினேன்.

அவர் கையிலிருந்த பந்தைப் பார்த்தார். கோபம் வந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் முகத்தில் இருந்தது குழப்பம். "நீங்க சொல்றதே சரியா இருக்குமுங்க. தர்ட்டி–ஃபார்ட்டி" என்றார். முதல் சர்வீஸ் வலையில் விழுந்தது. மிச்சமிருந்த இரண்டாவது வாய்ப்பும் வலையில்தான்; பாயிண்ட் எனக்கு. ஆட்டம் முடிந்தது. வலையருகே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, பெஞ்சில் இருந்த யாரையும் பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, கோடு போடும் மார்க்கர் ஒருவர் இருந்தார். பக்கத்துக் கிராமத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். நான் கிளம்பும்போது கிட்டே வந்தார்.

"சார், சொன்னா கோச்சிக்காதீங்க. அவரு ஒரு மாசமா இப்டிதான் ஆடிக்கினு இருக்காரு. ஸ்கோரு மட்டும் இல்ல, நிக்கற பக்கமே மாறிப் பூடுது. வலப்பக்கம் போட வேண்டியத எடப்பக்கம் நின்னுக்கினு போடறாரு. ஏமாத்தறவன் ஸ்கோரத்தான் மாத்துவான். நிக்கற பக்கத்த மறப்பானா?"

"நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றேன் அவரிடம்.

அதன்பின் இரண்டு மாதத்துக்கு மேல் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவர் கிளப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார். நான் வேறு மூன்று பேரோடு டபுள்ஸ் ஆடினேன். காலை பஸ்ஸில் அவர் முன்னால் உட்கார்ந்தால் நான் பின்னால் போய் உட்காருவேன். ஒருநாள் எங்கள் நிறுத்தத்தில் அவர் இறங்கவில்லை. பஸ் அவரோடு அடுத்த பிளாக்குக்குப் போனது. யார் வீட்டுக்காவது போகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு விடுமுறை நாளில் அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் மகளுடைய பள்ளிக்கூட நோட்டு ஒன்று இருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணா, உங்க ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சுன்னு நான் கேக்க வரலீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கோர்ட்டுலயும் அவரு கணக்கை மறந்தாருங்களா?"

நான் கையிலிருந்த பேப்பரை மடித்துக் கீழே வைத்தேன்.

"வீட்டுல பொண்ணோட வயசைத் தப்பாச் சொல்றாருங்க. காலைல எந்திரிச்சாத் தலைவலி, வாந்தி. பஸ்ஸுல எறங்கற எடம் தெரியாம வேற பிளாக்குல எறங்கி நடந்து வர்றாரு. கேட்டா ஒண்ணுமில்லைங்கறாரு. இதைப் பாருங்கண்ணா."

நோட்டைத் திறந்து காட்டினார். போட்டியன்று நாங்கள் ஆடிய கடைசி கேமை நண்பர் பாயிண்ட் பாயிண்டாக எழுதிப் பார்த்திருந்தார். ஃபிஃப்டீன்–லவ். ஃபிஃப்டீன்–ஆல். அதற்குப் பிறகு அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்து. அடுத்த பக்கத்திலும் அதே கேம். அதற்கடுத்த பக்கத்திலும். பதினோரு பக்கம் இருந்தது. ஒன்றில்கூட அவரால் முப்பதைத் தாண்டிப் போக முடியவில்லை.

"போட்டி முடிஞ்சு வந்ததுல இருந்து இதையேதான் எழுதிட்டிருக்காருங்கண்ணா. அந்தக் கடைசிக் கேமுல என்ன ஸ்கோருங்க? அதைச் சொன்னீங்கன்னா அவருகிட்டச் சொல்லி நிறுத்தச் சொல்லுவேன்."

என் மனைவி அவர் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு நண்பர் வீட்டுக்கு நடந்தேன்.

அங்கிருந்து அவரை டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, அன்றைக்கே சென்னைக்கு எழுதிக்கொடுத்தார். நானும் உடன் போனேன். பண்ருட்டி தாண்டும்வரை அவர் ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தார். சென்னையில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் கட்டி. பல மாதங்களாக வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது என்றார்கள். ஆபரேஷன் செய்தார்கள்; முழுவதையும் எடுக்க முடியவில்லை.

ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள், வார்டில் அவர் மனைவி சாப்பிடப் போயிருந்த நேரம், நான் கட்டிலருகே உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். எல்லார் முன்னாலும் நான் சொன்ன சொல்லைத் திருப்பிச் சொல்லிக் கேட்டேன். எனக்குச் சாதகமாக அவர் தப்பாகச் சொன்னபோது வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டதையும் சொன்னேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையில் கட்டு, முகம் வீங்கியிருந்தது.

"எப்பங்க சார் இது? எனக்கு ஞாபகமே இல்லீங்களே" என்றார். பிறகு கேட்டார்: "ஏனுங்க சார், ரொம்ப நாளா நம்ம ஆடவே இல்லையே, ஏன்?"

என்னை மன்னிக்கிறேன் என்றோ மன்னிக்க மாட்டேன் என்றோ சொல்ல வேண்டியவருக்கு அந்தக் காலை நினைவில் இல்லை. "மழைங்க சார். கோர்ட் ஈரமா இருந்துச்சு" என்றேன். "ஓ" என்று தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் வராந்தாவுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நெய்வேலிக்குத் திரும்பியபோது அவருடைய வலது கை விழுந்துவிட்டிருந்தது. சாயங்காலங்களில் நான் அவரைக் கிளப்புக்கு நடத்திக் கூட்டிப்போவேன். பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மார்க்கரோடு ஆடுவேன். ஸ்கோரை அவர் சொல்லட்டும் என்று மார்க்கர்தான் சொன்னார். நண்பரும் சொன்னார், பழைய அதே குரலில். முதல் நாள் பழக்கதோஷத்தில் நான் ஒருமுறை திருத்தினேன். அவர் முகம் சுருங்கிப்போனது. அதற்குப் பிறகு அவர் என்ன சொல்கிறாரோ அதையே வைத்து ஆடினோம். நாற்பதிலிருந்து பதினைந்துக்கு இறங்குவோம். முடிந்த கேம் மறுபடி தொடரும். மார்க்கர் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. "சார் சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு, அவர் சொன்ன பக்கத்தில் போய் நிற்பார்.

அப்படி மூன்று வாரம் போனது. ஒரு சாயங்காலம் ஆட்டத்தின் நடுவே அவர் எழுந்து நின்றார். "வீட்டுக்குப் போலாமுங்க" என்றார். வழியில், "அவங்க ரெண்டு பேரும் எதுக்குங்க அங்கயும் இங்கயும் ஓடறாங்க?" என்று கேட்டார். அந்த இருவரில் நானும் ஒருவன் என்பது அவருக்குத் தெரியவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

மறுநாளிலிருந்து அவர் வெளியே வரவில்லை. பொங்கலுக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம், இறந்துபோனார். நாற்பத்திரண்டு வயது. சுரங்கத்திலிருந்து முதல் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் அப்படியே, கரி படிந்த உடுப்போடு வந்து நின்றார்கள். அவருடைய சீஃப் சர்வேயர் என்னிடம், வேலைக்கு வந்த கடைசி நாலைந்து மாதம் அவர் எழுதிய அளவுகளை அவருக்குத் தெரியாமல் தாமே மறுபடி அளந்து திருத்திவைத்ததாகச் சொன்னார். அவர் மனம் நோகக் கூடாதென்று செய்தாராம்.

மகளுடைய பரீட்சை முடிந்ததும் அவர் மனைவி குவார்ட்டர்ஸைக் காலிசெய்தார். சொந்த ஊருக்குப் போகிறார்கள். லாரியில் சாமான் ஏற்ற நானும் போயிருந்தேன். பீரோவைக் கட்டி முடித்ததும் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணா, நீங்க அதையே நெனச்சுட்டிருக்கீங்கன்னு அண்ணி சொன்னாங்க. அவரு ஒருநாளும் உங்க மேல கோவப்படலீங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு அவருக்கு நல்லாத் தெரியுமுங்க. அதனாலதான் தன் மேலயே சந்தேகம் வந்துருச்சு. எனக்கு என்னமோ ஆகுதுன்னு சொல்லிப் பயந்தாரு. ரெண்டு மாசமும் அந்தப் பயந்தானுங்க."

ஆறுதலுக்காகத்தான் அவர் அதைச் சொன்னார். ஆனால் அதைவிட என்னை வதைத்த சொல் வேறில்லை. என்னை அத்தனை நம்பியவரை அந்த இரண்டு மாதமும் பயத்தோடு தனியே விட்டிருந்தேன். தினமும் அதே பஸ்ஸில், நாலு சீட் பின்னால் உட்கார்ந்துகொண்டு.

லாரி கிளம்பி, பிளாக்கின் முனையில் வடலூர் போகும் பக்கமாகத் திரும்பியது. மகள் பின்னால் திரும்பிக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன். எனக்கு இரண்டாம் ஷிப்ட் இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.