கற்பூரம் அடித்துக் காத்த திமிங்கலம்

மைதாப் பசை காயும்போது ஒரு வாடை வரும். மாடு வந்து சுவரொட்டியைத் தின்றுவிடக் கூடாதென்று மயில்துத்தம் கலந்து காய்ச்சுகிற பசை அது. புளிப்பும் துருவும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறினால் மற்ற மதுரைக்காரர்கள் எல்லோருக்கும் தேர்தலோ சினிமாவோ நினைவுக்கு வரும், எனக்கு மட்டும் திமிங்கலம் நினைவுக்கு வரும்.

எங்கள் ஊர் சமயநல்லூருக்கும் கடலுக்கும் இருந்த ஒரே சம்பந்தம் என் அப்பாதான். விடிகாலையில் ராமேசுவரத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வந்திறங்கும் சாளையையும் அயிலையையும் நெத்திலியையும் மெயின் ரோட்டு ஓரத்தில் தார்ப்பாய்க்குக் கீழே வைத்து விற்பார். அவரும் கடலைப் பார்த்தது, தாத்தாவின் அஸ்தியைக் கரைக்கப் போனபோது ஒரே ஒரு தடவை. அலை காலைத் தொட்டதும் பின்வாங்கிவிட்டதாக அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

நான் எட்டாம் வகுப்புப் படித்த வருடம், அறிவியல் ஆசிரியர் சேதுராமன் சார் எங்களைக் கம்ப்யூட்டர் அறையில் உட்காரவைத்து ஒரு படம் காட்டினார். எங்கோ பனிக்கடலில் ஒரு கப்பல் துரத்த, ஒரு தாய்த் திமிங்கலம் குட்டியை ஒட்டிக்கொண்டே நீந்தியது. பிறகு ஒரு வெடிச் சத்தம், தண்ணீரெல்லாம் சிவப்பு. நான் தேம்பித் தேம்பி அழுதேன். சாரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்த கையோடு "விழிப்புணர்வு ஊர்வலம்" என்று அறிவித்துவிட்டார். கொசுவுக்கு ஒன்று, மழைநீருக்கு ஒன்று என்று மாதத்துக்கொரு ஊர்வலம் போய்க்கொண்டிருந்த காலம் அது என்பதால் தலைமையாசிரியரும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.

கேட்டவர் அப்பாதான். "ஊருக்கெல்லாம் உங்கப்பன் மீன் விக்கிறான், நீ மீனக் காப்பாத்த ஊர்வலம் போறியாக்கும்? நாளைக்கு எவன் தாயி நம்ம கடைக்கு வருவான்?" என்றார். அது மீனே இல்லை, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் என்று நான் அழாத குறையாகச் சொன்னேன். வாய்க்குக் கொண்டுபோன சோற்றை அப்படியே தட்டில் வைத்துவிட்டு, "பாலா? கடலுக்குள்ளயா? உப்புக் கரிக்காதா?" என்று கேட்டார். மறுநாள் சாரிடம் கேட்டதற்கு, "அதெல்லாம் பெரிய கிளாஸ்ல வரும்" என்று சொல்லிவிட்டார்.

மூங்கில் சிம்பை வளைத்துக் கட்டி, அதன்மேல் பழைய செய்தித்தாளைப் பசை தடவித் தடவி ஒட்டி, நீலமும் கறுப்பும் பூசி, மாட்டு வண்டியைவிட நீளமாக ஒரு திமிங்கலத்தைச் செய்தோம். அதைத் தாங்கியபடி உள்ளே குனிந்து நடக்க எட்டுப் பேர்; அழுததற்குப் பரிசாகவோ என்னவோ எனக்கு வால் பக்கம் கிடைத்தது. ஒருவர் செருப்பை ஒருவர் மிதித்து விழாமலிருக்க எல்லோரும் வெறுங்காலோடு நடக்க வேண்டும் என்றார் சார். பள்ளிக்கூடத்து டிரம் கிழிந்துபோயிருந்ததால், அம்மன் கோயில் திருவிழாவுக்கு வழக்கமாக வருகிற "கொட்டுக்காரர்கள்" இரண்டு பேரையும் அவரே பேசி அழைத்து வந்தார். எங்கள் ஊர் அப்படியே தலைகீழாகப் போனது இந்த இரண்டு ஏற்பாடுகளால்தான்.

பங்குனி மாதம், அடுத்த வாரம் கோயிலில் காப்புக் கட்டு. கொட்டுக்காரர்களுக்குத் தெரிந்தது பால்குடத்துக்கு அடிக்கிற அடி ஒன்றுதான், அதையே அடித்தார்கள். அந்தச் சத்தம் தெருவுக்குள் நுழைந்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் யோசிக்கவே மாட்டார்கள். கை தானாகக் குடத்தை எடுக்கும், மஞ்சளையும் வேப்பிலையையும் போடும், சுடுகிற தார் ரோட்டில் வருகிறவர்களின் காலில் ஊற்றும். முன்னால் போனவர்கள் பிடித்த அட்டையில் "திமிங்கலத்தைக் காப்போம்" என்று எழுதியிருந்ததை ஒருவரும் படிக்கவில்லை. காகிதத்துக்குக் கீழே தெரிந்த பதினாறு வெறுங்கால்களைத்தான் பார்த்தார்கள்.

"ஐயோ, பிள்ளைக காலு கொப்பளிச்சுப் போகுமே!" என்று முதல் குடம் விழுந்தது. அடுத்தடுத்த வாசல்களில் குடங்கள் காத்திருந்தன. மாடியில் நின்றவர்கள் தங்களுக்கும் புண்ணியம் வேண்டுமென்று மேலிருந்தே அண்டாவைக் கவிழ்த்தார்கள். சேதுராமன் சார், "தண்ணி ஊத்தாதீங்கம்மா, இது பேப்பரு!" என்று கத்தினார், கொட்டுச் சத்தத்தில் அது பெண்கள் இட்ட குலவைக்குத் துணைபோல ஆகிவிட்டது. கடலில் வாழவேண்டிய உயிர், நான்கு தெரு தாண்டுவதற்குள் தண்ணீரால் செத்துக்கொண்டிருந்தது. மெயின் ரோடு திரும்பியதும் முதுகு இரண்டாக ஒடிந்து, வயிறு கிழிந்து, எங்கள் எட்டுப் பேரையும் வெளியே தள்ளிவிட்டு, உள்ளே ஒட்டிய செய்தித்தாளின் சிவப்பு எழுத்து விளம்பரங்கள் சாயம் ஒழுக, சரியாக அப்பாவின் கடை முன்னால் விழுந்தது.

கொட்டு நிற்கவில்லை. அடி உச்சத்துக்குப் போனதும் கூட்டத்தில் நின்ற பாண்டியம்மா அத்தைக்குச் சாமி வந்துவிட்டது. எங்கள் தெருவில் வருடந்தோறும் அம்மன் இறங்குவது அவர் மேல்தான். தலைமுடி அவிழ, கிழிந்து கிடந்த திமிங்கலத்தைச் சுற்றி ஆடி, "எம் பிள்ளைய வெட்டிப் போட்டது எவன்டா?" என்று கேட்டார்.

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அங்கே என் அப்பா, ஒரு கையில் கத்தியும் மறு கையில் மீனுமாக நின்றார்.

வாலின் ஒரு துண்டு தலையில் ஒட்டிக்கொண்டிருக்க, நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பா பக்கம் போனேன். சாமி கைகாட்டிய கடையில் எங்கள் ஊரில் அப்புறம் ஒருத்தரும் மீன் வாங்கமாட்டார்கள், அது எனக்கு நன்றாகத் தெரியும். கொட்டடிப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பெரியவர்கள் வழக்கப்படி கைகூப்பி, "என்ன குறை ஆத்தா? சொல்லு, செஞ்சிர்றோம்" என்றார்கள். சார் முன்னால் வந்து, வேட்டையாடுகிறவர்கள் வேற்று நாட்டுக்காரர்கள் என்று விளக்க ஆரம்பித்தார். சாமி அவரைப் பார்த்த பார்வையில் பாதியிலேயே நின்றுவிட்டார்.

"ஆத்தா, நான் வெட்டல. இது அயிலை" என்றார் அப்பா. என்னைப் பார்த்தார், பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "எங்கடைக்கு அது வாரதே இல்ல. அது மீனே கிடையாது ஆத்தா. குட்டி போட்டுப் பாலு குடுக்குற உசுருன்னு எம் மக சொல்லுச்சு."

"பாலு குடுக்குறதயாடா வெட்டுறானுக?" என்று அத்தை அலறியபோது அது சாமியின் குரலா அவருடைய குரலா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பெண்கள் "அடப் பாவிகளா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சார் ஒரு மாதமாக அட்டை எழுதியும் புரியாதது அந்த நொடியில் தெரு முழுக்கப் புரிந்துவிட்டது. சத்தியம் வாங்க யாரோ தட்டில் கற்பூரம் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அப்பா முதலில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இந்தக் கையால திமிங்கலத்தத் தொட மாட்டேன்" என்று கற்பூரத்தை அடித்து அணைத்தார். பிறகு டீக்கடைக்காரர், கொட்டுக்காரர்கள், ரோட்டில் மாட்டிக்கொண்டு நின்ற டவுன் பஸ்ஸின் டிரைவர், கடைசியில் சாமி நம்பிக்கையே இல்லாத சேதுராமன் சார் என்று வரிசையாக வந்து அடித்தார்கள். கடலைப் பார்க்காத ஒரு ஊர் மொத்தமும் திமிங்கல வேட்டையைக் கைவிட்டது. திருநீறு பூசியதும் சாமி மலையேற, அத்தை சொம்புத் தண்ணீரைக் குடித்து முடியை அள்ளிக் கட்டிக்கொண்டு, "அண்ணே, அந்த அயிலையக் கழுவித் தாங்க" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இன்று அந்தக் கடை இருந்த இடத்தில் அகலமான ரோடு இருக்கிறது. பாண்டியம்மா அத்தை இல்லை. கொட்டுக்காரர்களின் இடத்துக்குப் பெட்டி போன்ற ஸ்பீக்கர் வந்துவிட்டது. வாசலில் குடத்தோடு ஓடிவருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். அந்தத் தண்ணீரை நான் இன்னும் தேடுகிறேன், திமிங்கலத்தைக் கொன்ற தண்ணீர்தான் என்றாலும். எனக்குத் தெரிந்தவரை அந்தச் சத்தியத்தை மட்டும் எங்கள் ஊரில் இன்றுவரை யாரும் மீறவில்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, திமிங்கல வேட்டைக்குக் கப்பல் கிளம்பும் செய்தி ஒன்றைக் கைபேசியில் அப்பாவுக்குக் காட்டினேன். கண்ணருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இன்னுமா வெட்டுறாய்ங்க?" என்றார். "அவய்ங்ககிட்ட யாரும் கற்பூரம் அடிச்சுச் சத்தியம் வாங்கலையா தாயி?"

வாங்கவில்லை என்றேன்.

"அதான பாத்தேன்" என்று கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.