பழத்துக்கு ரீடிங் எடுப்பவர்

எங்கள் தெருவில் நான்கு வருடமாக ஒரு பழம்கூட அழுகியதில்லை. சரி, மூன்று வருடம். நடுவே ஒரு பப்பாளி போனது. அதுவும் நான் ஊரில் இல்லாத வாரம். இவ்வளவுக்கும் காரணமான கண்ணுச்சாமி, இதோ என் வீட்டு வெளிக்கதவைத் தானே திறந்துகொண்டு, "ரீடிங்" என்று குரல் கொடுத்தபடி நேரே சமையலறைக்குள் போய்க்கொண்டிருக்கிறார்.

முப்பத்திரண்டு வருடம் வீடு வீடாகப் போய் கரண்டு மீட்டர் பார்த்து யூனிட் எழுதியவர். ஓய்வு பெற்றும் கால் ஓயவில்லை. முன்பு மீட்டர் பெட்டிக்குப் போன கண் இப்போது பழக்கூடைக்குப் போகிறது. கட்டைவிரலால் காம்போரம் ஒரு அழுத்து. பிறகு சட்டைப்பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்து வாழைப்பழத் தோலிலேயே எழுதுவார்: 'செவ்வாய், மாலை 4.' அதற்குள் தின்று தீர்க்க வேண்டும். தவறினால், பில் கட்டாத வீட்டை மிரட்டிய அதே குரலில், "பீஸப் புடுங்கிருவேங்க்கா" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டு, சீப்பை ஒயர் கூடையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

"ஓடுன யூனிட்ட யாராலயும் திருப்ப முடியாது. பழத்த மட்டுந்தாங்க்கா கடைசி நிமிசத்துலகூடப் புடிச்சு நிறுத்தலாம்."

நிறுத்துவது எப்படியென்றால், கறுத்த வாழைப்பழம் அல்வா, குழைந்த மாம்பழம் மோர்க்குழம்பு, அன்னாசித் தோல் ரசம். எடுத்துப்போன பழத்தை இப்படிச் சமைத்து அந்தந்த வீட்டுக்கே ஒரு கிண்ணம் திருப்பிக் கொடுப்பார் என்பதுதான் தெருவின் துயரம். அவருடைய அல்வாவுக்கு ஒரு குணம் உண்டு: பற்றியதை விடாது. போன வருடம் என் பல்செட் அதில் மாட்டி, இரண்டு ஆள் இழுத்தும் வராமல் வெந்நீரில் ஊறவைத்து மீட்டோம். ஒரு ஆள்தான்; அதுவும் நான்தான். அன்றிலிருந்து அந்த அல்வாவை வாயாரப் புகழ்வதோடு சரி, வாயில் வைப்பதில்லை.

போன மாதம் அவர் மகள் முனீஸ்வரிக்கு நிச்சயம். இரண்டு வருடம் பேசிப் பேசியே இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்த பெண். வண்டியூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இருபத்தொரு தட்டு கொண்டுவந்தார்கள். சொந்தபந்தத்துக்கெல்லாம் கொடுத்தும் ஒன்பது சீப்பு நாட்டுப்பழம் மிஞ்சியது. தட்டுகளை வாங்கிப்போக மாப்பிள்ளையின் தாய் அழகம்மாள், வியாழக்கிழமை கணவரோடு வருவதாகச் சொல்லியிருந்தார். தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது. அதற்காக, வந்த பழத்தையே திருப்பினால் சம்பந்தம் வேண்டாமென்று பொருள். எங்கள் பக்கம் அதற்கு மேல் பேச்சே கிடையாது. புதன்கிழமை கண்ணுச்சாமி என்ன செய்திருப்பார் என்று நான் சொல்லவா வேண்டும்.

அவர் மனைவி பாண்டீஸ்வரிக்கு விஷயம் தெரிந்தபோது அல்வாவைத் துண்டு போட்டுத் தட்டில் அடுக்கியாகிவிட்டது. வாசலில் ஆட்டோ வந்து நின்றுவிட்டது. "எந்தப் பழம்னு வாயத் தொறந்தீக, உங்க பீஸ நான் புடுங்கிருவேன்" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, துணைக்கு என்னையும் இழுத்துவந்து உட்காரவைத்தாள்.

அழகம்மாள் ஒரு துண்டை வாயில் போட்டு நெடுநேரம் மென்றார். நன்றாக இருக்கிறதே, எந்தக் கடை என்று கேட்டார். முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு யூனிட்கூடப் பொய்யாக எழுதாத மனிதரிடம் கேட்டார்.

"கடையா? உங்க வீட்டுப் பழந்தான் தங்கச்சி. புதன்கெழமையோட முடிஞ்சிருக்கும். நாந்தான் புடிச்சு நிறுத்துனேன்."

மாப்பிள்ளையின் தகப்பனார் மெல்லுவதை நிறுத்திவிட்டார். கதவோரம் நின்ற முனீஸ்வரியின் முகத்தில் ரத்தம் இல்லை.

அந்தக் கூடத்தில் பொய் சொல்லத் தகுதியுள்ள ஆள் நான் ஒருத்திதான். இது பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம் என்று ஆரம்பித்தேன். நிச்சயப் பழத்தைப் பெண்ணின் தகப்பனே தன் கையால் அல்வாவாகக் கிண்டி, இரண்டு வீட்டாரும் ஒரே தட்டில் எடுத்துச் சாப்பிட்டால், சம்பந்தமும் அந்த அல்வா போலத்தான், பிடித்தால் விடாது என்றேன். அழகர்கோவிலில் இதற்குக் கல்வெட்டே இருக்கிறது என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். இரண்டு வீட்டார் என்றது யோசித்துச் சொன்னதுதான்; என் வீடு அந்தக் கணக்கில் வராது, பல்செட்டும் தப்பும்.

கண்ணுச்சாமி பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தார். இப்படி ஒரு வழக்கம் தெரியாமலே அதைச் சரியாகச் செய்துவிட்டோமே என்ற பூரிப்பில், பேனாவை எடுத்து உள்ளங்கையில் 'வீடு 2' என்று குறித்துக்கொண்டார்.

அழகம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தட்டிலிருந்து இன்னொரு துண்டை எடுத்தார், இருப்பதில் பெரியதாக. அவருக்குத்தான் என்று நினைத்தேன். என் வாயருகே நீட்டினார்.

"ரெண்டு இல்ல பெரியம்மா, மூணு வீடு. பொண்ணு வீடு, மாப்ள வீடு, வழக்கத்த எடுத்துச் சொன்ன வீடு."

கண்ணுச்சாமி உள்ளங்கையில் இரண்டை அடித்துவிட்டு, மூன்று என்று எழுதினார்.