"லாஷ்!" என்று கத்தியவர்

போன யூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மொன்றியல் லஷீன் கால்வாயில் நடந்தது இது. நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் கோபம் என்பதுதான் இடையில் மாறிவிட்டது.

என் கணவருக்கு மீன்பிடியில் பைத்தியம். அந்தக் கோடைக்குப் பழைய சின்னப் படகு ஒன்றை வாங்கி, அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருந்தார். அதைக் கழுவித் துடைத்த நேரத்தில் பாதியை வீட்டுக்குச் செலவழித்திருந்தால் வீடு பளபளத்திருக்கும். "பழைய துறைமுகம் மட்டும் ஒருக்காப் போய்ப் பாப்பம், வாரும்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். எனக்கு நீந்தத் தெரியாது. லைஃப் ஜாக்கெட்டை மூச்சு முட்ட இறுக்கிக்கொண்டு ஏறினேன்.

போகிற வழியில் லொக் இருக்கிறது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டு முனையிலும் கதவு வைத்த பெரிய சீமெந்துத் தொட்டி அது. வருகிற படகுகளை ஒன்றாக உள்ளே விட்டு, கதவை மூடி, தண்ணீரை வடிய விடுவார்கள். தண்ணீரோடு படகுகளும் கீழே இறங்கும். பிறகு முன்கதவு திறக்கும். படகு அலையாமல் இருக்க, சுவரின் மேலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அன்று எங்களோடு இன்னும் இரண்டு படகுகள். ஒன்றில் ஏழெட்டுப் பேர், பாட்டும் பியருமாக இருந்தார்கள். எங்களைக் கண்டதும் "பொன்ஷூர்!" என்று கையசைத்தார்கள். நல்ல சனம் என்று நினைத்தேன். மற்றது பெரிய வெள்ளைப் படகு. அதில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், தனியாக. பொன்ஷூரும் இல்லை, சிரிப்பும் இல்லை. முன்னுக்குப் போ, இன்னும் முன்னுக்குப் போ என்று கையாலேயே எங்களை விரட்டினாள். பிறகு ஒரு வார்த்தை கேட்காமல் தன் படகை எங்கள் படகோடு சேர்த்துக் கட்டினாள். லொக்கில் அப்படித்தான் கட்டுவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. எங்கள் நிறத்தைப் பார்த்துத்தான் இந்த அதிகாரம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"பாத்தீங்களே அவவின்ர எடுப்பை?" என்றேன் கணவரிடம்.

"சும்மா இரும். கயித்தை இறுக்கிப் பிடியும், விட்டிடாதையும்" என்றார்.

லொக்கில் வேலை செய்யும் பிள்ளை மேலே நின்று பிரெஞ்சில் ஏதோ விளக்கமாகச் சொன்னாள். இயந்திரச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கணவர் ஓம், ஓம் என்பதாக "வீ, வீ" என்று தலையாட்டினார். அவருக்கு விளங்கினால் ஒரு "வீ", விளங்காவிட்டால் இரண்டு.

விட்டுவிடக் கூடாதே என்று கயிற்றை உள்ளங்கையில் சுற்றிப் பிடித்தேன். தண்ணீர் வடியத் தொடங்கியது. படகு இறங்க இறங்கக் கயிறு இழுபட்டது. அப்போதுதான் அந்த வெள்ளைப் படகுக்காரி என்னைப் பார்த்துக் கத்தினாள்: "லாஷ்! லாஷ்!"

அந்தச் சொல் எனக்குத் தெரியும். வந்த புதிதில் போன பிரெஞ்சு வகுப்பில் படித்தது. லாஷ் என்றால் கோழை. புவாண்ட்-கிளேரில் நான் வேலை செய்யும் கிடங்கிலும், பெட்டி கட்டிக் களைத்து நின்றால் "லாஷ் பா" என்பார்கள். கோழையாகாதே என்கிறார்கள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. சண்டைக்குள் இருந்து தப்பி வந்து, உறைபனியில் பஸ்சுக்கு நின்று வேலைக்குப் போய், பிள்ளைகளை ஆளாக்கிய நானா கோழை? "நீதானடி லாஷ்!" என்று திருப்பிக் கத்திவிட்டு, வீம்புக்கு இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

அவ்வளவுதான். கயிறு இறுகிவிட்டது. படகு கீழே போகிறது, என் கை மேலே போகிறது. விரல்கள் கன்றிக் கறுத்தன. குதிக்கால் எழும்பிவிட்டது. அவிழ்க்கவும் முடியவில்லை. "ஐயோ, இஞ்சருங்கோ!" என்று அலறினேன். கணவர் ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்துத் தூக்கினார். படகு ஒரு பக்கம் சரிந்தது. அது என் வலது கை. அந்தக் கையால்தான் உழைக்கிறேன். அது போகப்போகிறது என்றே நினைத்தேன்.

அந்த நேரம் பின்னால் சிரிப்புச் சத்தம். பார்த்தால், பொன்ஷூர் சொன்ன அதே கூட்டம். பாட்டைக்கூட நிறுத்தவில்லை. ஆளாளுக்குப் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்கிறார்கள்! ஒருத்தன் எங்களைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறான். நீங்கள் எல்லாம் மனிதர்களா என்று கேட்கக்கூட எனக்கு மூச்சு இல்லை.

வெள்ளைப் படகுக்காரி, மேலே நின்ற பிள்ளையிடம் தண்ணீரை நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே எங்கள் படகுக்குள் குதித்தார். இனி அவரை "அவள்" என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. இடுப்பிலிருந்த கத்தியை உருவி, என் கைக்கு மேலே கயிற்றை அறுத்தார். நானும் கணவரும் ஒருவர் மேல் ஒருவராக விழுந்தோம்.

அதற்குப் பிறகு அவர் அந்தக் கூட்டத்தைப் பார்த்துக் கொடுத்தாரே, அப்படி ஒரு ஏச்சு! எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் காது குளிரக் கேட்டேன். போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

பிறகு என் பக்கத்தில் முழங்காலில் இருந்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். முகத்தில் அப்போதும் கோபம்தான். தன் கையைப் பொத்திக் காட்டினார். பிறகு விரித்தார். "லாஷ்" என்றார் மெதுவாக. மறுபடி பொத்தி, மறுபடி விரித்தார்.

விடு! கயிற்றை விடு என்றுதான் அந்த மனிசி அவ்வளவு நேரமும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். கிடங்கில் சொல்லும் "லாஷ் பா"வும் கோழையாகாதே அல்ல, விட்டுவிடாதே என்பதுதான்.

"அவ விடச் சொல்லியிருக்கிறா. நான் விடாதையும் எண்டு சொல்லிப்போட்டன்" என்று கணவர் தலையில் கை வைத்தார். எனக்கு அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே எத்தனை தரம் "மெர்சி" சொன்னேனோ தெரியாது. அவர் போதும் என்று கையைக் காட்டிவிட்டுத் தன் படகுக்குப் போய்விட்டார்.

சில நாள் கழித்து மகள் போனை நீட்டினாள். "அம்மா, இது நீங்களோ?" நான்தான். நான் தொங்குகிறேன், கணவர் கட்டிப்பிடித்துத் தூக்குகிறார், பின்னால் பாட்டு. கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அந்த அம்மா குதித்து வந்து கயிற்றை அறுத்தது மட்டும் அதில் இல்லை. அதை வெட்டி எறிந்துவிட்டார்கள்.

கை சுகமாகிவிட்டது. முகம் கொடுத்துச் சிரிக்காதவர்கள் மேல் எனக்கு இப்போது எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஒரே தண்ணீரில் எங்களோடு இறங்கிக்கொண்டே, ஒருத்தியின் கை போவதை வேடிக்கை பார்த்தவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை.