ஐந்து கட்டைத் தம்பூரா

தம்பூரா செய்கிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பாடுகிறவருக்கு எத்தனை கட்டை என்பதுதான். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். எண் கூடக் கூடச் சுருதி ஏறும். பெண் குரலுக்குக் கம்பிகள் ஓடும் தண்டி குட்டையாக, நாதம் எழும் குடம் சிறியதாக அமையும். ஆண் குரலுக்கு எல்லாமே பெரிது. மரத்தில் உளி வைத்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. நான் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. என் மனைவிக்கு ஐந்து கட்டை என்று எனக்குத் தெரியாதா என்ன? முப்பது வருஷமாகக் கேட்ட குரல்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கை சும்மா இருக்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் ஒரு தம்பூரா செய்து, அறுபதாவது பிறந்தநாளுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. தெம்பனிஸ் வட்டாரத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி, சீன நண்பர் ஒருவர் தச்சுப் பட்டறை வைத்திருந்தார். அதில் எனக்கு ஒரு மூலையைக் கொடுத்தார். பலா மரத்தைத் தஞ்சாவூரிலிருந்து வரவழைத்தேன். வேலை தெரியுமா என்றால், தெரியாது. குடைந்த வேகத்தில் இரண்டு குடங்களில் ஓட்டை விழுந்தது. இந்த ஊர் ஈரக்காற்றில் ஒரு தண்டி முறுக்கிக்கொண்டது. மூன்றாவது குடமும் இரண்டாவது தண்டியும்தான் சொன்ன பேச்சைக் கேட்டன.

இரண்டு வருஷம். காலையில் போனால் சாயங்காலம்தான் வீடு. எங்கே போனீர்கள் என்றால் நடக்கப் போனேன், நண்பரோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று வாயில் வந்ததைச் சொல்வேன். அவள் துருவ மாட்டாள். பிள்ளைகள் கல்யாணமாகி வேறு வீடு போயிருந்தார்கள். பட்டறையில் நான் தனி, வீட்டில் அவள் தனி. அப்போது என் தனிமை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் சுகமாகவே இருந்தது.

பிறந்தநாளன்று காலை ஹாலில் துணியை விலக்கிக் காட்டினேன். அவள் குடத்தைத் தடவிப் பார்த்தாள். கண் கலங்கினாள். நான் மீட்டினேன். கம்பிகளைத் தாங்கும் குதிரைக்கும் கம்பிக்கும் நடுவே, ரீங்காரத்துக்காகச் செருகிய நூல் சரியான இடத்தில் நின்றிருந்தது. நாலு கம்பியும் ரீங்காரமிட்டன.

"பாடு," என்றேன்.

அவள் வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

"இது அஞ்சு கட்டைங்க. நான் இப்ப மூணு கட்டையிலதான் பாடறேன். குரல் எறங்கிப்போயி ஒன்றரை வருஷமாச்சு. சிராங்கூன் ரோடு கோயில் பஜனைக்குப் போறத ஏன் நிறுத்தினேன்னு நெனச்சீங்க?"

"நீ சொல்லலையே."

"வீட்ல தினமும் பாடிக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க இருந்திருந்தா கேட்டிருக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்பதுபோல் சொன்னாள். என்னால்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கம்பிகளைத் தளர்த்தி மூன்று கட்டைக்கு இறக்கிப் பார்த்தேன். தொய்ந்துபோய் அடித்துக்கொண்டன. கனமான கம்பி போட்டேன். நாதம் குடத்துக்குள்ளேயே அமுங்கிவிட்டது.

"விடுங்க, ஃபோன்லயே தம்பூரா இருக்கு லா. அது போதும்," என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள்.

"வேற ஒண்ணு செய்யறேன். இந்தத் தடவை நீ பாடு, நான் கேட்டு அளந்துக்கறேன்."

"அளக்கறதுக்காகவா பாடணும்?" என்று சிரித்தாள்.

பட்டறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது முழுநாளும் வீட்டில் இருக்கிறேன். ஆனால் நான் இருக்கும்போது அவள் பாடுவதில்லை. கேட்டால், "தனியாப் பாடியே பழகிடுச்சுங்க, யாராச்சும் பக்கத்துல இருந்தா வரமாட்டேங்குது," என்கிறாள். அந்த யாரோ ஒருவராக நான் ஆகிவிட்டதுதான் எனக்கு வலிக்கிறது.

தினமும் காலையில் கீழே கோப்பிக் கடைக்குப் போய் இரண்டு கோப்பி பொட்டலம் கட்டிக்கொண்டு வருகிறேன். லிஃப்டை விட்டு வெளியே வரும்போதே அவள் குரல் கேட்கும். கைபேசித் தம்பூரா கூடவே ஓடும். மூன்று கட்டை, சில நாள் அதற்கும் சற்றுக் கீழே. கதவைத் திறந்தால் நின்றுவிடும். அதனால் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு, வாசலில் செருப்பு அலமாரிப் பக்கம் நின்று முழுப் பாட்டையும் கேட்பேன்.

"இன்னிக்கும் கோப்பி ஆறிப்போச்சே," என்பாள்.

கடையில் கூட்டம் என்பேன்.